பறந்தால் தெரியும் பனங்காடை

உட்கார்ந்திருக்கும் பனங்காடை பார்வைக்கு ஒரு பழுப்புப் பறவை. பெரிய தலை, தடித்த கறுப்பு அலகு, மைனாவைவிடப் பருத்த உடல், கம்பியிலோ பட்ட மரத்தின் நுனியிலோ அசையாமல் கிடக்கும் இருப்பு. தொண்டையிலும் மார்பிலும் ஊதா கலந்த பழுப்பும் அதன்மேல் மெல்லிய வெண்கீற்றுகளும் அருகில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். நெற்றியுச்சியிலும் அடிவயிற்றிலும் நீலம் உண்டு. ஆனால் உச்சி வெயிலில், எதிரொளியில், அதுவும் கரைந்துவிடும். பூச்சியைக் கண்டு அது தரைக்கு இறங்கும்போதுதான் உருவம் மாறுகிறது. விரிந்த இறக்கையில் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக மாறி மாறி வருகின்றன. வால் வான நீலம், அதன் நுனியில் அடர்நீலக் கரை. முப்பது செண்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளமும், இறக்கை விரிந்தால் அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட அகலமும் கொண்ட இப்பறவையை வெட்டவெளியில் அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் அந்தப் பட்டைகளால் அறிந்துவிடலாம். அறிவியலில் இதற்குக் கொராசியாஸ் பெங்காலென்சிஸ் என்று பெயர். இந்தப் பறவையை மனிதர்கள் அறிந்துகொண்ட வரலாறு முழுவதும் மடித்த இறக்கைக்கும் விரித்த இறக்கைக்கும் இடையே நடந்ததுதான்.

கொராசியாஸ் பேரினத்தில் இன்று ஒன்பது இனங்கள் கணக்கிடப்படுகின்றன. ஐந்து ஆப்பிரிக்காவுக்கே உரியவை. கென்யா, தான்சானியா வழியே செல்லும் பயணிகள் எல்லாரும் படமெடுக்கும் இளஊதா மார்புப் பனங்காடை அவற்றில் ஒன்று. அந்த உறவினர்களுக்கு வாய்த்த நிலம்தான் இந்தியப் பனங்காடைக்கும்: புல்வெளி, அதில் ஆங்காங்கே மரம், கோடையில் வெடிக்கும் மண். தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதியும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களும் இயல்பில் அப்படிப்பட்ட மரப்புல்வெளிகளே. 1864இல் வனத்துறையை நிறுவிய பிரிட்டிஷ் ஆட்சி மரத்தின் அளவைக்கொண்டே நிலத்தை மதிப்பிட்டது. அதனால் இந்த வெளிகள் சீரழிந்த காடு, முட்புதர், தரிசு என்று ஏடுகளில் பதிவாயின. அவை காட்டின் அழிவால் உண்டானவை அல்ல, தொன்மையான சவன்னாக்கள் என்று ஜெயஸ்ரீ ரத்னம் முதலிய ஆய்வாளர்கள் 2016இல் விரிவாக வாதிட்டார்கள். பனங்காடையின் வாழ்முறை அந்த வாதத்துக்குப் பொருத்தமான சான்று. உயரத்தில் உட்கார்ந்து திறந்த தரையைக் கண்காணிப்பதே அதன் பிழைப்பு. வண்டு, வெட்டுக்கிளி, பிள்ளைப்பூச்சி, தேள், ஓணான் குட்டி எல்லாம் தரையில் அகப்படுகிற இரைகள். அடர்ந்த காட்டில் அதற்கு வேலையே இல்லை. கூடு கட்டவும் தனியாகப் பாடுபடாது. மொட்டைப் பனையின் உச்சிப் பொந்து, மரங்கொத்தி விட்டுச்சென்ற துளை, பாழடைந்த சுவரின் ஓட்டை எதுவும் போதும். மார்ச் முதல் ஜூலை வரை இனப்பெருக்கம். தெற்கே சற்று முன்னதாகவே தொடங்கும். ஆண் உயரே ஏறி, தலைகீழாக விழுந்து, பக்கவாட்டில் புரண்டு, கரகரத்த குரலில் கத்தியபடி காட்டும் பறப்பு அந்தப் பருவத்துக்கே உரியது.

இதை அறிஞர்கள் வகைப்படுத்துவதற்கு வெகு முன்பே மக்கள் பார்த்து வணங்கியிருக்கிறார்கள். வட இந்தியாவில் நீலகண்டம் என்று சிவபெருமானோடு சேர்த்துச் சொல்வார்கள். விஜயதசமியன்று இதைக் காண்பது நல்ல சகுனம். இராவணனோடு போருக்குப் புறப்படுமுன் இராமன் இதைக் கண்டான் என்பது வடக்கே வழங்கும் கதை; தெலங்கானாவில் வனவாசம் முடித்துத் திரும்பிய பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். இந்த வழக்கத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கும் நல்ல பதிவு தாமஸ் ஜெர்டன் எழுதியது. சென்னை மாகாணப் படையில் மருத்துவராக இருந்த அவர் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் பனங்காடைக்கு நிறைய இடம் கொடுத்தார். நாகபுரியில் தசரா அன்று அரசர் இந்தப் பறவையை விடுவிப்பார். பெரிய அணிவகுப்பு நடக்கும். பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கும். அந்தப் பாளையத்தின் அதிகாரிகள் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்கிறார். கல்கத்தாவில் துர்க்கை பூசைக்கு முன் பறவையை விலைக்கு வாங்கி, சிலையை ஆற்றில் கரைக்கும் நேரத்தில் பறக்கவிடும் வழக்கத்தைப் புக்கானன் ஹாமில்டன் என்பவரின் குறிப்பிலிருந்து எடுத்துச் சொல்கிறார். வாங்க வசதியில்லாதவர்கள் வெளியே போய், உட்கார்ந்திருக்கும் பறவை எழுந்து பறக்கும்படி திரித் துப்பாக்கியை வெடிப்பார்களாம்.

இந்தக் கடைசிச் செய்திதான் மிகவும் பொருள் நிறைந்தது. அந்த நாளில் பறவை கண்ணில் பட்டால் மட்டும் போதாது, அது இறக்கை விரித்தாக வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அரசரும் விடுவித்தார், செல்வரும் விடுவித்தார், ஏழையும் வெடிபோட்டு எழுப்பினார். பனங்காடையின் அடையாளம் பறத்தலில் இருக்கிறது என்பதை எந்த நூலும் சொல்வதற்கு முன்பு அந்தச் சடங்கு அறிந்திருந்தது. ஜெர்டன் வேறு நம்பிக்கைகளையும் குறித்துவைத்தார். பயணம் புறப்பட்டவுடன் இது குறுக்கே போனால் கெட்ட சகுனம் என்பது ஒன்று. தெலுங்கில் இதைப் பாலபிட்ட, அதாவது பால்பறவை, என்பார்கள். கறவை குறைந்த பசுவுக்கு இதன் இறகுகளை நறுக்கிப் புல்லோடு கலந்து கொடுத்தால் பால் கூடும் என்ற நம்பிக்கை மற்றொன்று.

திருவிழாவில் விடுவிப்பதற்கு முதலில் பிடிக்க வேண்டும். பிடிப்பதற்கு இருந்த கருவியையும் ஜெர்டன் விவரிக்கிறார். பிரம்பு அல்லது மூங்கில் சிம்புகள் இரண்டை வளைத்து, ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவில் கட்டிவிடுவார்கள். தரையில் வைத்தால் கவிழ்த்த அரைவட்டம்போல் நிற்கும். சிம்புகளின்மேல் பறவைப் பசை பூசப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பிள்ளைப்பூச்சியை, சில சமயம் சுண்டெலியை, சிறு வட்டத்துக்குள் நகரும் அளவு கயிறு விட்டுக் கட்டுவார்கள். பனங்காடை வழக்கமாக உட்காரும் மரத்துக்குச் சற்றுத் தள்ளி இதை வைத்துவிட்டு விலகிப்போவார்கள். நெளியும் பூச்சியைக் கண்டு பறவை இறங்கும், கவ்வும், மேலே எழ இறக்கையை உயர்த்தும்போது சிம்பில் பட்டு ஒட்டிக்கொள்ளும். கரிச்சானையும் வெண்மார்பு மீன்கொத்தியையும்கூட இதே பொறியால் பிடித்தார்களாம். பறவையின் உணவு, உட்காரும் இடம், இறங்கும் முறை, எழும்போது இறக்கை விரியும் கோணம் ஆகிய நான்கையும் ஒருவர் துல்லியமாக அறிந்திருந்தால் ஒழிய இப்படியொரு பொறியை உருவாக்க முடியாது. பறவை பிடித்துப் பிழைத்தவர்களே இதன் முதல் கள ஆய்வாளர்கள் என்று சொல்வது மிகையாகாது. அவர்களில் ஒருவர் பெயரையும் நூல்கள் காப்பாற்றவில்லை.

ஐரோப்பிய அறிவியலுக்கு இந்தப் பறவை வந்துசேர்ந்த வழி முற்றிலும் வேறு. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய பறவைகளின் பட்டியல் 1713இல் ஜான் ரேயின் நூலோடு இணைந்து லண்டனில் வெளியானது. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சேறிய முதல் பட்டியல்களில் அது ஒன்று. தொலைவிலிருந்து கப்பலில் வந்த உலர்ந்த உடல்களை வைத்து வரைவதும் பெயரிடுவதும் அந்தக் காலத்து முறை. பனங்காடையும் அப்படித்தான் போனது. லண்டனில் பட்டுத்துணிக்கு வடிவங்கள் வரைந்து வாழ்ந்த ஜோசப் டான்ட்ரிட்ஜ், பாடம் செய்த ஒரு பறவையைப் பார்த்து வரைந்தார். அந்தப் படத்தைக்கொண்டு எலியேசர் ஆல்பின் 1731 முதல் 1738 வரை வெளியான தம் பறவை நூலில் வங்கத்து ஜே என்ற பெயரில் அதைச் சேர்த்தார். ஜே என்பது ஐரோப்பாவில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த, இறக்கையில் நீலத் திட்டுள்ள பறவை. 1758இல் கார்ல் லின்னேயஸ் ஆல்பினின் நூலை நம்பி, பனங்காடையைக் காக்கைப் பேரினத்திலேயே வைத்து வங்கத்தின் பெயரைச் சூட்டினார். 1764இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் இலங்கையிலிருந்து வந்த ஒரு பறவையை விவரித்தார். அதைக்கொண்டு லின்னேயஸ் 1766இல் கொராசியாஸ் இண்டிகா என்று இன்னொரு பெயர் வைத்தார். ஒரே பறவைக்கு ஒரே அறிஞர் கொடுத்த இரண்டு பெயர்கள் இவை.

பின்வந்தவர்கள் நெடுங்காலம் இரண்டாவது பெயரையே ஆண்டார்கள். ஜெர்டன் நூலிலும் அதுதான். முதற்பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி பழைய பெயரை மீட்க வேண்டும் என்று 1961இல் கல்கத்தாவைச் சேர்ந்த பறவையியலாளர் பிஸ்வமய் பிஸ்வாஸ் வலியுறுத்தினார். ஆல்பினின் பறவை உண்மையில் வங்கத்திலிருந்துதான் வந்ததா என்ற ஐயத்தையும் எழுப்பினார். வங்கம் இந்தப் பறவை இன்னொரு வடிவத்தோடு கலக்கும் எல்லைப்பகுதி என்பதால் அந்த ஐயம் சிறியதன்று. ஆங்கிலேயர்களோ இந்தியாவை விட்டுப் போகும்வரை பேச்சுவழக்கில் இதை நீல ஜே என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் பறவைத் தோலை ஆர்செனிக் பூசிப் பாடம் செய்து, பஞ்சடைத்து, இறக்கையை உடலோடு மடித்துக் கட்டி இழுப்பறையில் படுக்கவைப்பார்கள். அலகு, கால், இறகின் நீளம் அளக்க அது வசதி. கண்ணைச் சுற்றிய ஆரஞ்சுத் தோல் வற்றி நிறமிழந்துவிடும். இறக்கைப் பட்டைகள் மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த தோல்களும் முட்டைகளும் மட்டும் எண்பதாயிரத்துக்கும் மேல். வகைப்பாட்டியல் அந்த இழுப்பறைகளின் பலத்தில்தான் வளர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் வயல்வரப்பில் நிற்பவருக்கு அந்த அறிவு உதவவில்லை.

இழுப்பறைக்குத் தேவைப்படாத இறக்கையைத் தொப்பிக்கடை தேடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் தொப்பியில் பறவை இறகு சூடுவது பெரும் மோகம். கொக்கின் வெண்தூவி, மீன்கொத்தியின் நீலம், பனங்காடையின் இறக்கை எல்லாம் இந்தியத் துறைமுகங்களிலிருந்து பெட்டி பெட்டியாகப் போயின. பொறி வைத்தவர்களின் பழைய திறமை இப்போது ஏற்றுமதிக்கு உழைத்தது. 1887இல் வந்த காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் நகராட்சிகளுக்கும் இராணுவக் குடியிருப்புகளுக்கும் மட்டும் ஓர் அதிகாரம் கொடுத்தது: இனப்பெருக்கக் காலத்தில் பறவை விற்பதையும் இறகு கொண்டுவருவதையும் தடுக்க விதி செய்துகொள்ளலாம். பறவைகள் இறந்ததோ எல்லையில்லாத வெளியில். அதனால் அந்தச் சட்டத்துக்கு வலுவில்லை. 1902இல் சுங்கச் சட்டத்தின்கீழ் இறகுகளையும் தோல்களையும் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்வதே தடுக்கப்பட்டது. நெருப்புக்கோழி இறகுக்கும் அருங்காட்சியக மாதிரிகளுக்கும் விலக்கு இருந்தது.

1912இல் வந்த புதிய பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள அட்டவணையைப் படித்தால் அந்த வணிகத்தின் சுவடு தெரியும். கௌதாரி, காடை, மயில், வாத்து, புறா, உள்ளான் என்று பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் உணவுக்குச் சுடும் பறவைகள். அவற்றின் கடைசியில் கொக்கு, நாரை, பனங்காடை, மீன்கொத்தி. வேட்டைக்காரர்கள் உணவுக்குத் தேடாத இந்தப் பறவைகள் அங்கே இடம்பெற இறகைத் தவிர வேறு காரணம் இல்லை. பிரிட்டன் தன் பங்குக்கு இறகு இறக்குமதியைத் தடுத்தது 1921இல்தான். அதாவது வாங்குவோர் நாடு விழிக்க விற்போர் நாட்டுக்குப்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. சுதந்திர இந்தியாவில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பனங்காடையைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கியது.

அந்த நீலத்தில் நீல நிறமியே கிடையாது. இறகைப் பொடித்தால் கிடைப்பது மங்கிய பழுப்புத் தூள். இந்தப் புதிரில் மனம் வைத்தவர் திருவானைக்காவலில் பிறந்த ச. வெ. இராமன். அவர் 1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியை நிறுவி, அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே பறவை இறகுகளின் நிறத்தைப் பற்றி எழுதினார். ஆராய எடுத்துக்கொண்டது கொராசியாஸ் இண்டிகா, அதாவது பனங்காடை. இறகின் நுண்ணிய அறைகளில் ஒளி சிதறுவதால் நீலம் வருகிறது என்பது அப்போது பரவியிருந்த விளக்கம். வானம் நீலமாவதுபோல என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வானின் நீலத்தையும் கடலின் நீலத்தையும் ஆராய்ந்தே பெயர்பெற்ற இராமனுக்கு அந்த ஒப்புமை போதவில்லை. சிதறலை மட்டும் வைத்து இந்த நிறத்தை விளக்க முடியாது, ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற திசையில் அவர் சிந்தித்தார். இறகின் உள்ளே கெரட்டின் பஞ்சுபோன்ற ஓர் ஒழுங்கில் அமைந்திருப்பதே நீலத்துக்குக் காரணம் என்பதை மின்னணு நுண்ணோக்கியின் உதவியோடு 1998இல் ரிச்சர்ட் ப்ரம் குழுவினர் வேறொரு பறவையில் நிறுவினார்கள். பனங்காடையைப் பார்க்க வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. நீலம் பறவையில் பாதி, ஒளியில் பாதி.

உயிருள்ள பறவையை, சுடாமல், கண்ணால் மட்டும் இனங்காணுவதற்கான நூல்கள் இந்தியாவில் 20ஆம் நூற்றாண்டில்தான் உருவாயின. எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் பம்பாயின் பறவைகளைப் பற்றி 1900இல் வெளியிட்ட சிறு நூல் அந்தத் திசையில் ஒரு தொடக்கம். தெளிவான திருப்பம் 1928. பஞ்சாபில் காவல்துறை அதிகாரியாக இருந்த ஹியூ விஸ்லர் அந்த ஆண்டு வெளியிட்ட கைநூலில், பறவையின் உடல் வருணனையைத் தனியாகவும், களத்தில் அடையாளம் காணும் குறிப்பைத் தனியாகவும் பிரித்து எழுதினார். கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்று, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இன்னொன்று. சிறிய மாற்றம்போலத் தோன்றினாலும் துப்பாக்கியிலிருந்து தொலைநோக்கிக்கு அறிவு மாறியது அங்கேதான். அதே விஸ்லர், கிழக்குத் தொடர்ச்சி மலையில் வெர்னே ஆய்வுக்குழு சுட்டுச் சேகரித்த தோல்களையும் அடுத்த ஆண்டுகளில் ஆராய்ந்து எழுதினார். இரண்டு முறைகளும் ஒரே மனிதரிடம் கொஞ்ச காலம் சேர்ந்தே இருந்தன. 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் வண்ணப் படங்களோடு அந்த அறிவை வீடுகளுக்குக் கொண்டுசென்றது. தமிழில் மா. கிருஷ்ணன் பனைமரத்தடியிலும் ஏரிக்கரையிலும் பார்க்கக் கிடைக்கும் உயிர்களைப் பற்றி எழுதி, பறவை பார்ப்பதற்குக் காடு தேடிப் போக வேண்டியதில்லை என்று காட்டினார்.

களக்குறிப்புகள் பனங்காடையில் முதலில் சரிபார்க்கச் சொல்வது மார்பை. மார்பு பழுப்பாக இருந்தால் பனங்காடை. தலையும் வயிறும் முழுக்க வெளிர்நீலமாக இருந்தால் ஐரோப்பியப் பனங்காடை. அது ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் ராஜஸ்தான், குஜராத் வெளிகளில் தங்கிச் செல்லும். பறக்கும்போது வேறுபாடு இன்னும் தெளிவு: ஐரோப்பியப் பறவையின் இறக்கை ஓரம் கறுப்பு, பட்டை இராது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் பட்ட மரத்தின் உச்சியில் சிவந்த அலகோடு கருத்துத் தெரிவது வேறு பேரினத்தைச் சேர்ந்த உறவுப்பறவை. அதன் இறக்கையில் வெளிர்நிறப் பொட்டு ஒன்று இருக்கும். புதிதாகப் பறவை பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவது வெண்மார்பு மீன்கொத்தியோடு. அதற்கும் பழுப்பும் நீலமும் உண்டு, அதுவும் நீரில்லாத வயலில் கம்பிமேல் உட்காரும். ஆனால் அதன் அலகு சிவப்பு, நெஞ்சு பளிச்சென்ற வெள்ளை.

கடினமான பகுதி வடகிழக்கு. அங்கே உடல் கருத்த, தொண்டையில் வெண்கீற்று இல்லாத ஒரு வடிவம் இருக்கிறது. அதற்கு 1840இல் தனிப்பெயர் இடப்பட்டது. நெடுங்காலம் பனங்காடையின் உட்பிரிவாகவே கருதப்பட்ட அதை இன்று பலர் இந்தோசீனப் பனங்காடை என்று தனி இனமாகக் கொள்கிறார்கள். எல்லையில் இரண்டும் கலப்பதால், அப்பகுதியில் ஒரு பறவையைப் பார்த்து உறுதியாக ஒரு பெயரைச் சொல்லக் கைதேர்ந்தவர்களும் தயங்குவார்கள்.

ஒடிசா, கர்நாடகம், தெலங்கானா மூன்றும் பனங்காடையை மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன. மாநிலம் பிரிவதற்கு முன் ஆந்திரப் பிரதேசமும் அதையே கொண்டிருந்தது. பின்னர் அது கிளிக்கு மாறிக்கொண்டது. பெருமை இப்படி இருக்க, தசரா நாளில் தெலங்கானா நகரங்களில் நடந்துவந்தது வேறு. பறவையைச் சில நாள் முன்னரே பிடித்து, பறக்காதபடி இறக்கையை ஒட்டவைத்தோ காலைக் கட்டியோ கூண்டில் அடைத்து, வீதி வீதியாகக் காட்டிக் காசு வாங்குவார்கள். வனத்துறையும் விலங்கு நல அமைப்புகளும் இப்படிப்பட்ட பறவைகளை ஆண்டுதோறும் மீட்கின்றன. பல பறவைகள் மீட்கப்படும்போதே நலிந்திருக்கும். இது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்லப்படுகிறது. ஜெர்டனின் குறிப்பு அதை மறுக்கிறது. நாகபுரியிலும் கல்கத்தாவிலும் சடங்கு நிறைவேறியது பறவை பறந்தபோதுதான். இறக்கை ஒட்டிய பறவையைக் காண்பதில் அந்தச் சடங்கின் உயிரே இல்லை.

20ஆம் நூற்றாண்டு இந்தப் பறவைக்கு ஒரு வசதியும் செய்துகொடுத்தது. கிராமங்களுக்கு மின்சாரம் வந்ததும் மரமில்லாத வெளிகளிலும் உட்கார உயரமான இடம் கிடைத்தது. மழைக்குப்பின் ஈசல் புறப்படும்போது கம்பி நெடுக வரிசையாக அவை கூடும். எழுபது மீட்டர் கம்பியில் நாற்பது பறவைகள் வரை எண்ணியிருக்கிறார்கள். இன்று பலர் பனங்காடையைப் பார்ப்பது நெடுஞ்சாலையில் பேருந்து ஜன்னல் வழியாகத்தான். தரைக்குத் தாழ்வாகச் சாலையைக் கடப்பதால் வண்டியில் அடிபடுவதும் உண்டு. இரை தேட வேண்டிய திறந்த தரையோ சுருங்கிவருகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் தமிழ்நாட்டின் புல்வெளிகளை மூடிவிட்டது. பூச்சிக்கொல்லி வயலின் வண்டுகளைக் குறைத்தது. பொந்துள்ள மொட்டைப் பனைகள் வெட்டப்படுகின்றன.

முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக்கொண்டு 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை என்ற அறிக்கை வெளியானது. எங்கும் கிடைக்கும் பறவை என்று எல்லாரும் எண்ணியிருந்த பனங்காடை கணிசமாகக் குறைந்துவருவதாக அது காட்டியது. உலக அளவில் அதன் பாதுகாப்பு நிலையை மறுமதிப்பீடு செய்ய வேண்டிய இனங்களின் பட்டியலிலும் அதைச் சேர்த்தது. சுட்டு எடுத்த தோல் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஒவ்வொரு பதிவும் உயிரோடு இருந்த பறவையைக் களத்தில் அடையாளம் கண்டு எழுதியது.